போலந்துக்குப் போன வேர்

உபாத்தியாயர் தொழிலில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. கேட்ட கேள்விக்கு அந்த க்ஷணமே பதில் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசைதான் அது. "நாளைக்குப் பார்த்துக்கொண்டு வந்து சொல்கிறேன்" என்று சொன்னால் நம் மானம் கப்பலேறிவிடும் என்று நினைத்துக் கொள்கிறோம். அந்த நினைப்பினால் நான் ஒரு நாள் அகப்பட்டுக்கொண்ட கதையையும், அதிலிருந்து மீள்வதற்காகப் போலந்து தேசத்திலிருந்து நம் ஊர் இஞ்சிப் பாத்தி வரையில் ஒரு சொல்லைப் பின்தொடர்ந்து நடந்த கதையையும் இங்கே சொல்லப் போகிறேன்.

என் வகுப்பு மாணவன் ஒருவனுடைய தமையன் போலந்தில் வைத்தியம் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் தம்பிக்காக அந்த நாட்டுத் தேன் ரொட்டி ஒரு பொட்டலம் கொண்டு வந்தான். ரொட்டி வகுப்பு வரையில் வந்து சேரவில்லை. காலிப் பொட்டலம் மட்டும் வந்தது. அதன் பின்புறத்தில், ரொட்டியில் சேர்ந்த சரக்குகளின் பெயர்கள் போலந்து பாஷையில் அச்சாகியிருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு எதிரே தமையன் பென்ஸிலால் அர்த்தம் எழுதியிருந்தான். 'ட்ஸூகியெர்' என்றால் சர்க்கரை. 'பியெப்ஷ்' என்றால் மிளகு. 'இம்பிர்' என்றால் இஞ்சி.

"ஸார், இம்பிர் என்பது நம்முடைய இஞ்சிவேர்தானே?" என்று பையன் கேட்டான்.

"சந்தேகம் என்ன, அப்பா!" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் கொட்டை எழுத்தில் 'இஞ்சிவேர் - இம்பிர்' என்று எழுதினேன். "பார்த்தீர்களா? 'இ'க்கு 'இ' சரியாக நிற்கிறது. 'வேர்' அங்கே 'பிர்' ஆகிவிட்டது. வழியில் நடுப்பாகம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அவ்வளவுதான்" என்றேன். வகுப்பு முழுவதும் கைதட்டியது. எனக்கும் மார்பு விம்மிற்று.

அன்று இரவு வீட்டில் இஞ்சித் துவையல். ஒரு கவளம் வாயில் போட்டவுடனே மனசில் சுருக்கென்றது. ஓசை ஒன்றாக இருக்கிறது என்று சொன்னோமே, சாட்சியம் எங்கே? நம் நாட்டிலிருந்து அந்த நாட்டுக்கு இந்தச் சொல் எந்த வழியாகப் போயிற்று? யார் வாயில் எந்த வடிவத்தில் இருந்தது? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. 'இஞ்சி தின்ற குரங்கு' என்று நம் பெரியோர்கள் சொன்னது யாரைக் குறித்து என்று எனக்கு அப்போது விளங்கிற்று. மறுநாள் முதல் புத்தகங்களைத் தேட ஆரம்பித்தேன்.

மிளகு ரொட்டி நகரம்

அந்தத் தேன் ரொட்டியின் பெயர் 'பியெர்னிக்'. விஸ்துலா நதிக்கரையில் உள்ள தோருன் என்ற பழைய நகரம் அதற்குப் பேர் போனது. சூரியனைச் சுற்றிப் பூமி ஓடுகிறது என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்ன கோப்பர்னிகஸ் 1473-ம் வருஷம் பிறந்ததும் அதே ஊரில்தான். நதி வழியாகப் பால்டிக் கடலை எட்டலாம் ஆகையால், மத்திய காலத்தில் தோருன் பெரிய வியாபார ஸ்தலமாக இருந்தது. கீழ்நாட்டுச் சரக்குகள் பல கைகள் மாறி அங்கே வந்து இறங்கின. உள்நாட்டுத் தேனும் கோதுமை மாவும் அந்தச் சரக்குகளோடு சேர்ந்து பியெர்னிக் ஆயிற்று.

இந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் நம் கடைவீதி வாசனை அடிக்கிறது. பழைய போலந்து மொழியில் 'பியெர்னி' என்றால் மிளகு சேர்ந்தது, காரமானது என்று பொருள். மிளகுக்கு இப்போது அவர்கள் சொல்லும் 'பியெப்ஷ்' லத்தீனில் 'பிபெர்'. அதற்கு முன்னால் கிரேக்கத்தில் 'பெபெரி'. அதற்கும் முன்னால் நம் தேசத்தில் 'பிப்பலீ', அதாவது நாம் திப்பிலி என்று சொல்லும் மருந்துச் சரக்கு. திப்பிலியின் பெயரை வாங்கிக்கொண்டு போனவர்கள் அதை மிளகுக்கும் சேர்த்துச் சூட்டிவிட்டார்கள். சர்க்கரையின் கதை இன்னும் நேரானது. ஸம்ஸ்கிருதத்தில் 'சர்க்கரா' என்றால் முதலில் பொடிக்கல், பருமணல். கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுத்த பொருளும் மணல் மணலாக இருந்ததால் அதே பெயர் பெற்றது. அது பாரசீகத்தில் 'ஷகர்', அராபியில் 'ஸுக்கர்', இத்தாலியில் 'ஜுக்கெரோ', ஜெர்மனில் 'ட்ஸுக்கர்' என்று படிப்படியாக மாறி, போலந்தில் 'ட்ஸூகியெர்' ஆயிற்று.

ஒரு ரொட்டிப் பொட்டலத்தில் பாரத நாட்டுச் சொற்கள் மூன்று! இஞ்சிக்கு வருமுன், அந்தச் சொற்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஜனங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஒரு சொல் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தால்தான் இந்த ஆராய்ச்சியின் ருசி தெரியும்.

ராஜ்யம் இழந்த பாஷை

1772, 1793, 1795 ஆகிய மூன்று வருஷங்களில் ருஷியா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்ற மூன்று வல்லரசுகள் போலந்தைத் துண்டு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டன. 1795-க்குப் பிறகு உலகப் படத்தில் போலந்து என்ற ராஜ்யமே கிடையாது. 1918-ல் மறுபடியும் சுதந்திரம் பெறும் வரையில், 123 வருஷங்கள், அந்த ஜாதியாருக்கு அரசு இல்லை, கொடி இல்லை. பாஷை ஒன்றுதான் இருந்தது.

அந்த இருளில் ஒருவர் அகராதி எழுத உட்கார்ந்தார். அவர் பெயர் ஸாமுவேல் லிண்டே. 1771-ல் பிறந்தவர், பிறந்த ஊர் நம் தேன் ரொட்டி நகரமாகிய தோருன். இவருடைய தகப்பனார் ஸ்வீடன் தேசத்திலிருந்து வந்து குடியேறியவர். அன்னியரின் குடும்பத்தில் பிறந்த பிள்ளை, தேசம் போய்விட்ட பிறகு, அந்தத் தேசத்தின் சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, 1807 முதல் 1814 வரையில் ஆறு பாகங்களாக வார்ஸாவில் வெளியிட்டார். வீடு தீப்பற்றி எரியும்போது பெட்டியிலுள்ள நகைகளை எண்ணி எண்ணி வெளியே கொண்டுவந்து வைப்பவளைப்போல் அவர் செய்த காரியம் எனக்குத் தோன்றுகிறது.

நூறு வருஷத்துக்குப் பின்னால் அலெக்ஸாந்தர் ப்ரூக்னர் என்ற பண்டிதர் சொற்களின் பிறப்பு வழியை ஆராய்ந்து ஓர் அகராதி செய்தார். அது கிராகோவ் நகரத்தில் 1927-ல் வெளிவந்தது. இதிலுள்ள வேடிக்கையைக் கவனியுங்கள்: ப்ரூக்னர் நாற்பது வருஷத்துக்கு மேல் பேராசிரியராக இருந்து ஸ்லாவிய மொழிகளைக் கற்பித்தது பெர்லின் ஸர்வகலாசாலையில், போலந்தைப் பங்கு போட்டவர்களின் தலைநகரத்தில்! 1890-ல் அவர் பீட்டர்ஸ்பர்க் நூலகத்தில் ஒரு பழைய லத்தீன் புஸ்தகத்தைப் புரட்டிக் கொண்டிருந்தபோது, அதன் கட்டடத்தில் ஒட்டியிருந்த தோல் துண்டுகளில் ஏதோ எழுத்துத் தெரிந்தது. எடுத்துச் சேர்த்துப் பார்த்தால், போலந்து மொழியில் கிடைத்துள்ள உரைநடைகளுள் மிகப் பழமையான பிரசங்கங்கள்! யாரோ ஒரு புஸ்தகம் கட்டுகிறவன் பழம் ஏட்டை நாடா நாடாக வெட்டி, வேறு புஸ்தகத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தான். நம் வீட்டுப் பரணில் கிடந்த ஏடுகள் எத்தனை அடுப்புக்கு இரையாயின என்பதை அறிந்த தமிழர்களுக்கு இந்தக் கதையின் சந்தோஷமும் புரியும், துக்கமும் புரியும்.

இன்னொரு சம்பவத்தைச் சொல்லும்போது உபாத்தியாயன் என்ற முறையில் எனக்குத் தலை குனிகிறது. 1901-ம் வருஷம் மே மாதம். பிரஷ்ய ஆட்சியிலிருந்த வ்ஷெஷ்னியா என்ற சிற்றூரில், மதபோதனை வகுப்பையும் ஜெர்மன் பாஷையிலேயே நடத்த வேண்டும் என்று உத்தரவு. கடவுளிடம் பேசும் பேச்சையாவது தாய்மொழியில் பேசுவோம் என்று குழந்தைகள் வாயை மூடிக்கொண்டார்கள். பிரம்படி விழுந்தது. பள்ளிக்கு வெளியே கூடிக் கூச்சலிட்ட பெற்றோர்களுக்கும் ஊராருக்கும் சிறைவாசம் விதித்தார்கள். பின்னால் 1905-ல் நோபல் பரிசு பெற்ற ஷென்கியேவிச் என்ற நாவலாசிரியர் இந்தக் கொடுமையைக் கண்டித்து எழுதினார். ஐரோப்பா முழுவதும் அந்தச் சிற்றூரின் பெயரை அறிந்தது.

இப்படிப் பாஷைக்காக அடிபட்ட ஜனங்கள், ஜெர்மன் பாஷையிலிருந்து வந்த சொற்களையெல்லாம் தூக்கி எறிந்திருப்பார்கள் என்றுதானே எண்ணுவோம்? அதுதான் இல்லை. இஞ்சியின் கதையும் அங்கேதான் ஆரம்பமாகிறது.

பின்னோக்கி ஒரு நடை

போலந்தின் பழைய எழுத்துக்களில் இஞ்சியை 'இம்பியெர்' என்றும் எழுதியிருக்கிறார்கள். அது ஜெர்மன் வியாபாரிகளின் வாயிலிருந்து வந்தது. மத்திய கால ஜெர்மனில் அதன் வடிவம் 'இங்கெவெர்', 'இங்கெபெர்'. இன்றைய ஜெர்மனில் 'இங்வெர்'. போலந்துக்கு வந்தபோது நடுவிலிருந்த 'க' ஒலி மறைந்தது. 'ப' ஒலிக்குப் பக்கத்தில் வந்துவிட்ட மெல்லினம் 'ம்' ஆயிற்று. இதுவரையில் என் கரும்பலகைக்குப் பெரிய பங்கம் ஒன்றும் இல்லை.

இன்னும் ஒரு படி பின்னால் போனால்தான் தலையில் குட்டு விழுகிறது. ஜெர்மானியருக்கு இந்தச் சொல் பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்தது. பழைய பிரெஞ்சில் 'ஜிஞ்ஜிப்ர'. மத்திய கால லத்தீனில் 'ஜிஞ்ஜிபெர்'. ஆங்கிலத்தில் நாம் சொல்லும் ஜிஞ்ஜரும் அங்கிருந்து வந்ததுதான். ஜெர்மானியரின் மிகப் பழைய வடிவத்திலும் 'கிங்கிபெர்' என்று முதலில் ஒரு மெய்யெழுத்து இருந்தது. பிற்பாடுதான் அந்த முதல் மெய் உதிர்ந்துபோய், சொல் 'இ' என்று தொடங்கிற்று. ஆகவே, போலந்துக்காரரின் 'இம்பிர்' என்பதிலுள்ள 'இ' நம்முடைய 'இஞ்சி'யின் 'இ' அல்ல. அது ஜெர்மனியில் தலை வெட்டப்பட்டதனால் உண்டான 'இ'.

லத்தீனுக்கு முன்னால் கிரேக்கம். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த டயாஸ்கொரிடீஸ் என்ற வைத்தியர் தம் மருந்து நூலில் இஞ்சியைக் கூறுகிறார். கிரேக்கத்தில் அதன் பெயர் 'ஜிங்கிபெரிஸ்'. அதே நூற்றாண்டில், 79-ல் வெஸூவியஸ் எரிமலையின் சீற்றத்தில் உயிரிழந்த ரோமாபுரிப் பண்டிதர் பிளினியும் இஞ்சியை எழுதியிருக்கிறார். மிளகு மரத்தின் வேர்தான் இஞ்சி என்று சிலர் நினைப்பது தவறு என்று அவர் திருத்துகிறார். ஆனால் தாமும் ஒரு தவறு செய்கிறார். இஞ்சி அராபியாவில் விளைகிறது என்கிறார்! சரக்கு எந்தத் துறைமுகத்திலிருந்து வந்து இறங்கிற்றோ அதுவே அதன் தாய்நாடு என்று எண்ணிவிட்டார் போலும். அப்போது ஒரு ராத்தல் இஞ்சிக்கு ஆறு வெள்ளி தினாரி விலை என்றும், கருமிளகுக்கு நான்கு என்றும் கணக்குக் கொடுத்திருக்கிறார். மிளகைவிட இஞ்சிக்கு விலை அதிகம்!

கிழக்கே அராபியர் 'ஜஞ்ஜபீல்' என்றார்கள். குர்ஆனின் 76-வது அத்தியாயத்தில் சுவர்க்கத்து பானம் ஒன்றுக்கு இஞ்சியின் சேர்க்கை கூறப்பட்டிருக்கிறது. கிரேக்கம், பாரசீகம், அராபி ஆகிய எல்லாவற்றிலும் ஓர் ஒற்றுமையைக் கவனிக்க வேண்டும். எல்லாச் சொல்லும் 'ஸ' அல்லது 'ஜ' போன்ற ஒலியோடுதான் ஆரம்பமாகின்றன. ஆகவே இவர்கள் எல்லோரும் வாங்கிய மூலச் சொல்லும் அப்படித்தான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

அந்தச் சொல் பாலி மொழியில் இருக்கிறது. பௌத்த பிக்ஷுக்களின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய பிடகத்தில், அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்த வேர் மருந்துகளின் ஜாபிதா ஒன்று உண்டு. அதில் மஞ்சளுக்கு அடுத்தபடி நிற்பது 'ஸிங்கிவேர'. ஸம்ஸ்கிருதத்தில் அதுவே 'ச்ருங்கவேர' என்று வழங்குகிறது.

கொம்பா, வேரா?

'ச்ருங்கவேர' என்பதற்கு ஸம்ஸ்கிருத பண்டிதர்கள் அழகான அர்த்தம் ஒன்று சொன்னார்கள். 'ச்ருங்கம்' என்றால் கொம்பு. 'வேரம்' என்றால் உடல். மான் கொம்பு போல் கிளை கிளையாகப் பிரிந்த உடலையுடையது இஞ்சி. கையில் ஒரு துண்டு இஞ்சியை எடுத்துப் பார்த்தால், ஆஹா, என்ன பொருத்தம் என்றுதான் தோன்றும். ராமாயணத்தில் குகன் வாழ்ந்த கங்கைக் கரைப் பட்டணத்தின் பெயரும் ச்ருங்கவேரபுரம் என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். அந்தப் பெயரிலும் இந்த 'ச்ருங்கவேர' இருக்கிறது.

ஆனால் அழகான அர்த்தங்களைக் கண்டுதான் ஆராய்ச்சிக்காரர்கள் அதிகமாகச் சந்தேகப்படுகிறார்கள். அர்த்தம் தெரியாத அன்னியச் சொல் ஒன்று ஒரு பாஷைக்குள் நுழைந்தால், அந்தப் பாஷைக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த சொற்களைக் கொண்டு அதற்குச் சட்டை தைத்துப் போட்டுவிடுவார்கள். ச்ருங்கம் என்ற கொம்பு அப்படி ஒட்டவைத்த கொம்பு என்பது இன்றைய மொழி நூலாரின் முடிவு. 'வேர' என்பதற்கு உடல் என்று பொருள் காண வடமொழியில் சிரமப்பட வேண்டியிருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் அது சிரமம் இல்லை. வேர் என்றால் வேர்தான். விநய பிடகமும் அதை வேர் மருந்துகளின் வரிசையில்தானே வைத்திருக்கிறது? இந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டுமே ஆலன் ராஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1952-ல் ஒரு தனிப் புஸ்தகம் எழுதினார். உலகம் இஞ்சிக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

அப்படியானால் 'ஸிங்கி' எங்கே, நம் 'இஞ்சி' எங்கே? முதலிலிருந்த 'ஸ' எங்கே போயிற்று? இதற்கு விடை நம் விரல் எண்ணிக்கையிலேயே இருக்கிறது. மத்திய இந்தியாவின் காடுகளில் வாழும் கோண்டு மக்களின் மொழி நம் மொழிக்குச் சகோதரி. நாம் ஐந்து என்பதை அவர்கள் 'ஸையுங்' என்கிறார்கள். நாம் ஆறு என்பதை 'ஸாருங்' என்கிறார்கள். பழைய திராவிட மொழியில் முதலில் நின்ற சகர ஒலி, பல சொற்களில் தென்மொழிகளில் உதிர்ந்துவிட்டது. கோண்டியில் அது நின்றது. அதே விதிப்படி, 'ஸிங்கி' போன்ற ஓர் ஆதி வடிவத்திலிருந்து முதல் ஒலி உதிர்ந்து நம் 'இஞ்சி' பிறந்திருக்கிறது. உதிர்வதற்கு முன்னாலேயே, 'வேர்' என்ற சொல்லோடு ஒன்றாகக் கட்டி, அது வடக்கே போய்விட்டது. ஆகையால்தான் பாலியிலும் கிரேக்கத்திலும் அந்தத் தலை இருக்கிறது, நம்மிடம் இல்லை. இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. கிரேக்கர்கள் 'இஞ்சிவேர்' என்ற இன்றைய ஓசையை நம் வாயிலிருந்து நேராகக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. வடநாட்டுப் பிராகிருதங்களின் வழியாகத்தான் பெற்றார்கள்.

இப்போது என் கரும்பலகையைத் திரும்பிப் பாருங்கள். இஞ்சி, இம்பிர் இரண்டும் 'இ' என்று தொடங்குகின்றன. ஆனால் ஒன்று தென்னிந்தியாவில் தலை இழந்தது. மற்றொன்று ஜெர்மனியில் தலை இழந்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே ஊரில் இரண்டு பேர் மொட்டைத் தலையோடு நடந்தால், ஒருவர் திருப்பதியிலிருந்தும் மற்றவர் பழனியிலிருந்தும் வந்திருக்கலாம் அல்லவா? இருவரும் உறவினர் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். உறவு இருந்தது உண்மை; ஆனால் நான் காட்டிய அடையாளம் பொய். உண்மையான அடையாளம் கடைசியிலுள்ள 'பிர்'. அதுதான் கடல், பாலைவனம், பனிமலை எல்லாம் தாண்டிப் போலந்துக்குப் போய்ச் சேர்ந்த நம்முடைய வேர்.

அரிசி விஷயம்

இந்த இடத்தில் இன்னொரு பழைய குற்றத்தையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஆங்கிலத்தில் அரிசிக்குள்ள பெயர் நம் அரிசியிலிருந்துதான் வந்தது என்று பல வருஷங்களாக என் மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். நான் படித்த காலத்தில் என் ஆசிரியர் சொன்னார்; நான் என் மாணவர்களுக்குச் சொன்னேன். அந்தப் பெயர் போலந்தில் 'ரிஷ்'. ஜெர்மன் வழியாக லத்தீன் 'ஒரைஸா'வுக்கும், அங்கிருந்து கிரேக்க 'ஒருஸா'வுக்கும் போகிறது. முற்காலத்து அறிஞர் சிலர் அதை அரிசியோடு சேர்த்தார்கள் என்பது மெய்தான். ஆனால் பின்வந்தவர்களில் பெரும்பாலோர், கிரேக்கர்கள் அதைப் பாரசீகத்தை அடுத்த கிழக்கு ஈரானிய மொழிகளிலிருந்து பெற்றார்கள் என்று கருதுகிறார்கள். ஆப்கானிஸ்தானத்துப் பஷ்தூ மொழியில் அரிசிக்கு 'வ்ரிஷே' என்ற பெயரும், ஸம்ஸ்கிருதத்தில் நெல்லுக்கு 'வ்ரீஹி' என்ற பெயரும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஓசை ஒற்றுமை மட்டும் போதும் என்றால் நம் வீட்டுக்குள்ளேயே மோசம் போகலாம். 'இஞ்சி' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் கோட்டை மதில் என்றும் ஒரு பொருள் உண்டு. அதனால் நம் முன்னோர் இஞ்சியால் கோட்டை கட்டினார்கள் என்று யாராவது சொல்வார்களா?

தமிழின் பெருமையைச் சொல்லும்போது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். எனக்கு அது சம்மதமில்லை. பொய்யான பத்திரம் ஒன்றைக் கோர்ட்டில் காட்டி அகப்பட்டுக்கொண்டவன், அடுத்த முறை உண்மையான பத்திரத்தைக் காட்டினாலும் நீதிபதி நம்பமாட்டார். அரிசியில் நாம் அவசரப்பட்டால், இஞ்சியில் நமக்குள்ள நியாயமான பாத்தியதையையும் உலகம் சிரித்துத் தள்ளிவிடும்.

இன்னும் கிழக்கே

இஞ்சியில் மட்டும் நம் பாத்தியதை முழுமையானதா? அதையும் பார்த்துவிடுவோம். இஞ்சிச் செடி இயற்கையில் தானாக முளைத்த காடு எது என்று இன்று காட்ட முடியாது. எங்கும் மனிதன் பயிரிட்டதாகவே காணப்படுகிறது. அதன் ஆதி இருப்பிடம் தென்கிழக்கு ஆசியாவின் தீவுகள் என்று தாவர நூலார் கருதுகிறார்கள். தாய்லாந்தில் இஞ்சிக்கு 'கிங்' என்று பெயர். நம் ஆதி வடிவமான 'ஸிங்கி'யும் அந்தக் கீழ்க்கடல் மொழிகளிலிருந்து செடியோடு கூடவே வந்ததாக இருக்கலாம் என்று அறிஞர் சிலர் எண்ணுகிறார்கள். அப்படியானால் இஞ்சி இரவல், வேர்தான் சொந்தம்!

இதைப் படித்த இரவு எனக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு போலந்துக்காரர்களை நினைத்துக்கொண்டேன். கிராகோவ் நகரம் 1257-ல் ஜெர்மானிய நகர சட்டத்தைத் தழுவிப் புதிதாக அமைக்கப்பட்டது. அந்தக் காலத்தில் குடியேறிய வியாபாரிகளோடும் தொழிலாளிகளோடும் எத்தனையோ சொற்கள் வந்தன. கூரைக்கு 'தாஹ்', செங்கல்லுக்கு 'ட்ஸெக்வா', நகர மண்டபத்துக்கு 'ராதுஷ்', சந்தை மைதானத்துக்கு 'ரினெக்', எல்லாம் ஜெர்மன் வழி வந்தவை. அடுப்பங்கரைச் சொல்லான இம்பிரும் அப்படியே. வ்ஷெஷ்னியாவில் பிரம்படி பட்ட குழந்தைகள் வீட்டுக்குப் போனதும் அந்த 'தாஹ்' என்ற கூரையின் கீழேதான் உட்கார்ந்து அழுதிருக்கும். அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று அவர்கள் கேட்கவில்லை. அறுநூறு வருஷம் பாட்டியும் பேத்தியும் பேசிய சொல் அன்னியச் சொல் ஆகுமா? பிறர் வற்புறுத்தி வாயில் திணித்த பாஷையைத்தான் அவர்கள் துப்பினார்கள். தாங்களே விரும்பி எடுத்து உண்ட சொல்லைத் துப்பவில்லை. திணித்ததற்கும் எடுத்துக்கொண்டதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் சிறு குழந்தைகள் அறிந்திருந்தார்கள். நாமும் தமிழுக்குள் வந்து குடியேறிய சொற்களைக் குறித்துச் சண்டையிடும்போது இந்த வித்தியாசத்தை நினைவில் வைப்பது நல்லது.

போன சொல் திரும்பி வந்தது

இம்பிர் என்ற சொல் ஒரு முறை நம் தேசத்துக்கே திரும்பி வந்ததும் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் போலந்து மறுபடியும் பங்கு போடப்பட்டது. 1940-ல் லக்ஷக்கணக்கான போலந்து மக்களை ஸோவியத் அரசாங்கம் ஸைபீரியா முதலிய பனிப் பிரதேசங்களுக்கு நாடு கடத்தியது. 1941-க்குப் பின் விடுதலை பெற்றவர்களில் ஒரு பகுதியார் பாரசீகம் வழியாக இந்தியாவை அடைந்தார்கள். 1942-ல் நவாநகர் மன்னர் ஜாம் ஸாஹேப், கடற்கரையிலுள்ள பாலாசடி என்ற இடத்தில் நூற்றுக்கணக்கான அநாதைக் குழந்தைகளுக்குப் புகலிடம் அளித்தார். அந்த நன்றியை மறவாமல் வார்ஸா நகரத்தார் ஒரு சதுக்கத்துக்கு 'நல்ல மகாராஜா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோலாப்பூருக்கு அருகே வலிவடே என்ற இடத்தில் 1943 முதல் 1948 வரையில் சுமார் 5,000 பேர் வசித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே.

அந்தத் தாய்மார்கள் வாயில் இம்பிர் என்ற சொல் இருந்தது. ஆனால் கோலாப்பூரில் வழங்கும் மராத்தியில் இஞ்சிக்குப் பெயர் 'ஆலே'. இரண்டாயிரம் வருஷம் உலகத்தைச் சுற்றிவிட்டு வந்த சொல், பிறந்த தேசத்திலே வந்து நின்றும், அதை அடையாளம் கண்டுகொள்ள அங்கே ஒருவரும் இல்லை. இன்னும் தெற்கே வந்திருந்தால் ஒருவேளை யாராவது அந்தக் கடைசி ஓசையைக் கேட்டுத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

மறு வாரம் வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதினேன். ஸிங்கிவேர, ஜிங்கிபெரிஸ், ஜிஞ்ஜிபெர், இங்கெபெர், இம்பியெர், இம்பிர். ஒவ்வொன்றுக்கும் தேசத்தையும் ஏறக்குறையக் காலத்தையும் பக்கத்தில் போட்டேன். போன தடவை நான் சொன்னதில் எது சரி, எது தவறு என்றும் விளக்கினேன். அரிசி விஷயத்தையும் சொன்னேன். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

பொட்டலம் கொண்டுவந்த பையன் மட்டும் எழுந்து நின்றான். "ஸார், போன வாரம் நீங்கள் சொன்ன விடை சரி, வழிதான் தப்பு. கணக்கில் அப்படிச் செய்தால் எங்களுக்குப் பாதி மார்க்குத்தானே கொடுப்பீர்கள்?" என்று கேட்டான்.

"எனக்கும் பாதி மார்க்குத்தான், அப்பா" என்றேன்.